காருக்கு அம்மை வார்த்த மாதம்

வேப்பிலையை ஈர்க்கிலிருந்து உருவிக்கொண்டிருக்கிறேன், முறத்தில் பாதிதான் நிறைந்திருக்கிறது, உச்சிப் பொழுதுக்குள் இதை மஞ்சளோடு சேர்த்து அரைத்து முற்றத்து வெயிலில் வைத்திருக்கிற அண்டாத் தண்ணீரில் கரைத்தாக வேண்டும், ஏனென்றால் இன்றைக்கு எங்கள் காருக்கு மூன்றாம் தண்ணீர். முதல் தண்ணீர் வெள்ளிக்கிழமை ஊற்றினேன், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, இன்று செவ்வாய். மூன்றையும் ஒரே கைதான் ஊற்ற வேண்டும். நடுவில் கை மாறினால் அம்மா கோபித்துக்கொண்டு வந்த உடம்பை விட்டு அதே வீட்டில் வேறு உடம்பைத் தேடுவாள் என்று சொல்வார்கள்.

எங்கள் ஊர் ஈச்சம்பாறை, அடிவாரத்திலிருந்து பதினாலு கிலோமீட்டர் ஏற்றம், பத்தொன்பது வளைவு, நாற்பத்திரண்டு வீடு. என் மகளுக்கு நாலு வயது, வர்ணிகா என்று பெயர், வர்ணி என்று கூப்பிடுவோம். அவள் உடம்பில் ஊறுகிற ரத்தம் அவளுக்குப் போதாது, பிறந்த ஆறாம் மாதமே டவுன் ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள், இருபத்தோரு நாளைக்கு ஒருதரம் ஊரார் ரத்தத்தை ஏற்றினால்தான் அவள் ஓடுவாள். ஏற்றின வாரம் கன்றுக்குட்டி மாதிரி துள்ளுவாள், பதினைந்தாம் நாள் உதடு வெளுக்கும், பதினெட்டாம் நாள் வாசல்படி மூன்றையும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவாள், அப்புறம் நாங்கள் கிளம்பிவிடுவோம்.

அதற்காகத்தான் இந்தக் கரண்ட் கார் மலைக்கு வந்தது. வர்ணியின் அப்பா ஓசூரில் ஒரு முதலாளியிடம் ஓட்டிக்கொண்டிருந்தார், முதலாளி புதிது வாங்கினபோது பழையதை இவருக்கே விட்டுக்கொடுத்தார். பெட்ரோல் பங்க் இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர், கரண்ட்டோ வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது, போனுக்குச் சொருகுவதுபோல் சொருகினால் போதும் என்றார். சொருகினால் ஏறவில்லை, எர்த் இல்லை என்று கார் அடம்பிடித்தது. அப்புறம் வீட்டுக்குப் பின்னால் ஆளுயரக் குழி தோண்டி இரும்புக் குழாயை இறக்கி உப்பும் கரியும் கொட்டி மூடினோம், அந்தக் குழி காயாமல் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. சத்தமில்லாமல் மலை ஏறுகிற வண்டியைப் பார்த்து முதல் வாரம் ஆடுகள் மிரண்டன, இரண்டாம் வாரம் நாய்கள்கூட எழுந்திருக்கவில்லை. அன்னாசிப்பழமும் அதில்தான் இறங்கியது, பிள்ளை பெறப் போகிறவர்களும் அதில்தான் இறங்கினார்கள். இது இருக்கும்போது அது எதற்கு என்று எங்களுக்குக் கீழே பாதி மலையில் இருக்கிற கீழ்க்காட்டு ஊர்க்காரர்கள் தங்கள் பழைய ஜீப்பைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். வர்ணி காரைத் தம்பி என்று கூப்பிடுவாள்.

போன தடவை ரத்தம் ஏற்றின ஒன்பதாம் நாள், ஒரு புதன்கிழமை, கார் முற்றத்துப் பலாமரத்தடியில் நின்றது, நின்றதுதான். திரையில் வண்டிக்கு முடியவில்லை என்று காட்டுகிற ஆமைப் படம் வந்தது, அப்புறம் அதுவும் போய்விட்டது. அடிவாரத்து மெக்கானிக்கைக் கூட்டிவந்தோம், எத்தனையோ ஜீப்பைக் கம்பியாலும் பார் சோப்பாலும் ஓடவைத்த மனுஷன், முன்மூடியைத் திறந்து உள்ளே போகிற ஆரஞ்சு ஒயரைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இது என் கைக்கு அடங்குற சாமி இல்லம்மா. தொட்டா எடுத்துக்கும்" என்று சொல்லி டீ மட்டும் குடித்துவிட்டு இறங்கிப் போனார்.

தொட்டால் எடுத்துக்கொள்ளாத ஆட்கள் சேலத்தில் கார் கம்பெனியில்தான் இருந்தார்கள். தண்ணீர்த் தொட்டிப் பாறைமேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும், வர்ணியின் அப்பா தினமும் ஏறி நின்று பேசினார், கீழே நின்ற எனக்குக் கம்பெனியில் போனை எடுத்த பெண்ணின் குரலும் கேட்டது.

"சார், உங்க லொகேஷன் எங்க சர்வீஸ் எல்லைக்குள்ள காட்டலை."

"எல்லைக்குள்ள இல்லைன்னா நாங்க எங்க மேடம் இருக்கோம்?"

அந்தப் பெண் பாட்டுப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். முதலில் நாலு நாள் என்றார்கள், அப்புறம் ஒரு வாரம் என்றார்கள். வண்டியைத் தூக்கிக்கொண்டு போகிற லாரி ஒன்று வந்து நாலாவது வளைவில் திரும்ப முடியாமல் பின்னாலேயே இறங்கிப் போனது. கயிறு கட்டி இழுக்கலாமா என்று கேட்டதற்குச் சக்கரம் தரையில் உருண்டால் மோட்டார் வெந்துவிடும் என்றார்கள். ஆகவே கார் பலாமரத்தடியிலேயே நின்றது, பலா இலை அதன்மேல் விழுந்தது, நான் காலையில் கூட்டினேன்.

நாலு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை, வாசல் தெளிக்கப் போனவள் காரின் மூக்கில் மூன்று முத்தைப் பார்த்தேன். வெள்ளைப் பெயின்ட்டுக்கு அடியில் கடுகளவு. வெயில் ஏறுவதற்குள் முன்மூடி முழுக்க இறங்கிவிட்டது, மதியத்துக்குள் சோளமளவு, சாயங்காலம் கதவுகளிலும் பின்பக்கத்திலும். விரலால் தொட்டால் அமுங்கியது. முன்மூடியில் கையை வைக்க முடியாத கொதிப்பு. விளக்குகள் இரண்டிலும் பீளை கட்டியிருந்தது. கரண்ட்டே இல்லாத வண்டியின் கண்ணாடித் துடைப்பான் தானாக எழுந்து எழுந்து சொறியப் பார்த்தது, முத்து உடைந்தால் குழி விழுந்துவிடுமே என்று வர்ணியின் பழைய பாவாடையைக் கிழித்து இரண்டையும் கட்டிவைத்தேன், சின்ன வயதில் எனக்கு வந்திருந்தபோது என் கையைக் கட்டினது போலவே.

ஏன் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. ஆட்டுக்கு வருகிறது, கோழிக்கு வருகிறது, எங்கள் கரண்ட்டைக் குடித்து எங்கள் பிள்ளைகளைச் சுமந்ததற்கு மட்டும் வரக்கூடாதா. பூசாரி வீட்டு ருக்கு அத்தைதான் அம்மை பார்க்கிறவர், என்னைவிடப் பத்து வயதுதான் மூப்பு, ஆனால் அவர் பேச்சுக்கு ஆண்களும் அடங்குவார்கள். காரை ஒருதரம் சுற்றிவந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அம்மா வந்திருக்கா. யாரும் நோய் கீய்னு வாயில வெக்காதீங்க. ஆளு கிட்டப் போகக்கூடாது, வெளியாளு ஊருக்குள்ள வரக்கூடாது, ஊராளு மூணாந்தண்ணி ஊத்தற வரைக்கும் எல்லை தாண்டக்கூடாது."

வர்ணியின் அப்பா பாறைமேல் ஏறிக் கம்பெனிக்கும் சொன்னார். வண்டிமேல் கொப்புளம், கொதிக்கிறது என்றார். கிட்டப் போகாதீங்க சார், பிள்ளைகளை ஒதுக்கி வையுங்க, யாரும் உள்ளே உட்காராதீங்க, எங்க ஆள் வருகிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது, தண்ணி மட்டும் ஊத்தவே கூடாது என்றார்கள். இறங்கிவந்து சொன்னதும் அத்தை சிரித்தார். "பாத்தியா, தண்ணியத் தவிர மீதியெல்லாம் நான் சொன்னதுதான்."

அன்றிலிருந்து நாற்பத்திரண்டு வீட்டிலும் தாளிப்பு நின்றது. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவில்லை, கறி ஏறவில்லை, ஆண்கள் முகம் வழிக்கவில்லை, நாங்கள் தலை வாரவில்லை, மேலத்தெருவில் நிச்சயமாகியிருந்த கல்யாணத்தைத் தள்ளிவைத்தார்கள், பள்ளிக்கூடத்து வாத்தியார் ரிஜிஸ்டரில் அம்மை விடுமுறை என்று எழுதிவிட்டுப் பூட்டினார். எங்கள் மேட்டில் வேம்பு வளராது, கீழ்க்காட்டுக்காரர்கள் கட்டுக் கட்டாக ஒடித்துவந்து எல்லைக்கல்லில் வைத்துவிட்டுப் போனார்கள், அதைத் தோரணமாகக் கட்டி ரோட்டுக்குக் குறுக்கே தொங்கவிட்டோம், காரின் சீட்டிலும் பரப்பினோம். வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்துக் கேழ்வரகுக் கூழில் சின்ன வெங்காயம் போட்டு முன்சக்கரத்தடியில் வைத்தார்கள், காலையில் கிண்ணம் காலியாக இருந்தது, யார் குடித்தது என்று பார்க்க யாரும் போகவில்லை.

ஒட்டிக்கொள்ளும் என்று ஊரில் இருந்த நாலு மோட்டார் சைக்கிளையும் எல்லைக்கல்லில் நிறுத்திவிட்டு வந்தார்கள், கீழ்க்காட்டுக்காரர்கள் வந்து தங்கள் ஊருக்கு ஓட்டிப் போனார்கள். பக்கத்து வீட்டுக் கோவிந்தன் மாமா மட்டும் தன் மொபெட்டை அனுப்ப மாட்டேன் என்றார். துருப்பிடித்து ஓட்டை விழுந்த டேங்கைத் தட்டிக் காட்டினார்.

"இதுக்கு எப்பவோ வந்து போயிருச்சு, தழும்பைப் பாருங்க. ஒருக்கா வந்தா திரும்ப வராது."

"உனக்கு வந்திருந்தா வாயில வந்திருக்கணும்" என்றார் அத்தை. அதையும் அனுப்பினார்கள்.

வர்ணியை நான் கிட்ட விடவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து காரையே பார்ப்பாள். ஊசி குத்திக் குத்திக் கறுத்த தன் கையைத் தடவிக்கொண்டு, "தம்பிக்கும் ரத்தம் ஏத்தணுமாம்மா" என்று கேட்டாள். ரத்தம் ஏற்றி அன்றைக்குப் பதினாறாம் நாள். எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது, முத்து எந்த நாளில் பழுக்கும், எந்த நாளில் வாடும், மூன்று தண்ணீரும் எந்த நாளில் முடியும், வர்ணிக்கு எத்தனை நாள் மிச்சம். ஒருதரம் இருபத்துநாலு நாள் வரைக்கும் தாங்கியிருக்கிறாள், தூங்கிக்கொண்டே இருந்தாள், அவ்வளவுதான். அதை நினைத்துத்தான் தைரியமாக இருந்தேன்.

பதினெட்டாம் நாள் முத்து வாடத் தொடங்கியது. அத்தை பார்த்துவிட்டு என்னை ஊற்றச் சொன்னார், அம்மை வந்த வீட்டுப் பெண்தான் ஊற்ற வேண்டும். ஊற்றினேன். கார் பெருமூச்சு விட்டது, எல்லோரும் கேட்டோம்.

அதற்கு மறுநாள், சனிக்கிழமை, சேலத்து ஆள் வந்தார்.

ஜெயசீலன் என்று பெயர், ஐம்பது வயதிருக்கும். அடிவாரம் வரை பஸ்ஸில் வந்து, கீழ்க்காடு வரை பால்காரர் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு வந்து, மீதி ஏற்றத்தை முதுகில் பையோடு நடந்தே வந்திருந்தார், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தோரணத்தைப் பார்த்ததும் நின்றார், யாரும் சொல்லாமலே ஷூவைக் கழற்றினார்.

"எந்த வீட்ல?" என்று கேட்டார்.

"நீங்க பாக்க வந்த வண்டிக்குத்தான்" என்றார் கோவிந்தன் மாமா.

அவர் ஆச்சரியப்படவில்லை. தோரணத்துக்கு அந்தப் பக்கம் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். "எத்தனை தண்ணி ஆச்சு?"

"ஒண்ணு."

"எங்க வீட்லயும் பாக்கறதுதான். ஆனா நான் இன்னிக்கு விட்டா இந்தப் பக்கம் வர்றதுக்கு ரெண்டு வாரம் ஆகும், இன்னும் நாலு மலைல நாலு வண்டி நிக்குது, ஆளு நான் ஒருத்தன்." பையைத் திறந்து உள்ளங்கையளவு ஒரு பெட்டியைக் காட்டினார். "போனது இதுதான். ஒரு மணி நேர வேலை."

"அதைக் குடுங்க, நான் மாட்டிக்கிறேன்" என்றார் வர்ணியின் அப்பா.

"மாட்டலாம் தம்பி. அப்புறம் உங்க வீட்டுக்காரம்மா உங்களைத் தொட முடியாது. இந்தக் கையுறை இல்லாம அந்த ஒயர் பக்கம் போனவங்க யாரும் திரும்ப வந்து எப்படி இருந்துச்சுன்னு சொன்னதில்ல."

ஊர் கூடிவிட்டது. வர்ணியின் அப்பா அத்தையிடம் கெஞ்சினார், பிள்ளைக்கு நாள் நெருங்குது அத்தை என்றார். அத்தைக்கும் கண் கலங்கியிருந்தது. "நான் மாட்டேங்கலடா மாப்ள. ஆனா ஒரு தண்ணி ஊத்துன பிறகு வெளிக்காலு உள்ள வந்தா அவ யாரைத் தேடுவா? அந்த வீட்ல இருக்கிற சின்ன உடம்பு எது?" அப்போது அந்தச் சேலத்து மனுஷன்தான் சொன்னார், "எங்க பக்கத்துல ஒரு முறை உண்டுங்க. தண்ணி ஊத்துற பொம்பளை வாய் திறந்து வாங்கன்னு கூப்பிட்டா, வர்ற ஆளு வெளியாளு இல்ல, வீட்டாளு. அந்தம்மா சொல்லட்டும்."

அத்தை யோசித்தார், தலையை ஆட்டினார். "இங்கயும் அப்படித்தான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாற்பத்திரண்டு வீட்டுக் கண்ணும் ஒன்றாக என்மேல் இருந்தது, நான் தூணுக்குப் பின்னால் நின்று சாப்பாடு பரிமாறிப் பழகினவள், ரேஷன் கடையில்கூட என் பெயரை இன்னொருத்திதான் சொல்லுவாள். வாங்க. அவ்வளவுதான். வாசலுக்கு வருகிற யாருக்கும் சொல்லுகிற சொல், வளையல்காரனுக்குச் சொல்லியிருக்கிறேன், ஓட்டுக் கேட்க வந்தவனுக்குச் சொல்லியிருக்கிறேன். சொன்னால் கார் ஓடும், வர்ணி பிழைப்பாள். சொன்னால் அம்மா கோபிப்பாள், வர்ணியைத் தேடுவாள். எந்தப் பக்கம் போனாலும் வழியில் என் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் இருந்தவளின் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது, பூனைக்குட்டி மூச்சு மாதிரி சின்னது. வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். காற்றுதான் வந்தது.

"வர்ணி அம்மா, சொல்லும்மா" என்றார் கோவிந்தன் மாமா, மெதுவாக.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பேசாத பெண் வேண்டாம் என்கிறாள் என்று அர்த்தம் எங்கள் ஊரில்.

சேலத்து ஆள் உடனே போகவில்லை. எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் வெயிலிலேயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு தரம் என்னைப் பார்த்து, கோபமில்லாமல், "அவசரமில்லம்மா" என்றார். அப்புறம் ஷூவைப் போட்டுக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு, வளைவில் இறங்கி மறைந்தார். வர்ணியின் அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் தண்ணீர் ஊற்றினேன். அன்று சாயங்காலமே வர்ணிக்குக் காய்ச்சல் கண்டது. அம்மை இல்லை, அத்தை வயிற்றையும் முதுகையும் பார்த்துவிட்டார், வெறும் காய்ச்சல்தான், ஆனால் இல்லாத ரத்தத்தையும் அது குடித்துக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை விடியும்போது அவள் உதடும் அவள் பல்லும் ஒரே நிறம். ஊர் கூடி, தண்ணீர் ஊற்றாத ஆண்களும் ஊற்றப்படாத பிள்ளையும் எல்லை தாண்டலாம் என்று விட்டுக்கொடுத்தது. ஏறிப் போக ஊரில் ஒரு சக்கரம் இல்லை, எல்லாவற்றையும் நாங்களே அனுப்பிவிட்டோம். போர்வையை மூங்கிலில் கட்டித் தூளியாக்கி, முன்னால் வர்ணியின் அப்பாவும் பின்னால் கோவிந்தன் மாமாவும் தோள்கொடுத்தார்கள். கீழ்க்காட்டில் மோட்டார் சைக்கிள் இருக்கிறது, ஆனால் கழுத்து நிற்காத பிள்ளையை அந்த வளைவுகளில் அதில் வைக்க முடியாது, ஆம்புலன்ஸ் அடிவாரத்துக்கு மேல் ஏறாது, அதுவரை தோள்தான்.

தோரணம் வரைக்கும் கூடவே போனேன். வர்ணி போர்வையை விலக்கிப் பார்த்தாள்.

"நீ வரலையாம்மா?"

"தம்பிக்கு நாளைக்குத் தண்ணி ஊத்திட்டு ஓடி வந்திர்றேன் கண்ணு."

"அவனுக்கு அப்புறமா ஊத்தலாம்ல."

ஊத்திட்டு வர்றேன் என்றே திரும்பச் சொன்னேன். மாமா பதினாலு கிலோமீட்டருக்கும் கதை வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே இறங்கினார்.

இன்று காலை கார் எழுந்துவிட்டது. முத்தெல்லாம் காய்ந்து வெள்ளைப் பொருக்காகத் தரையில் உதிர்ந்து கிடந்தது, உடம்பு முழுக்கக் குழித் தழும்பு, கொதிப்பு இல்லை. திரை எரிந்தது, ஆமை இல்லை, துடைப்பான் கட்டை அவிழ்த்ததும் ஒருதரம் சோம்பல் முறித்துப் படுத்துக்கொண்டது. ஊரே வந்து பார்த்தது. கம்பெனிக்காரன் வராமலே சரியாயிடுச்சு பாரு என்றார்கள், அம்மா கைவிடல பாரு என்றார்கள், உன் கை ராசி என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஓட்டத் தெரிந்தவர் கீழே இருக்கிறார், ஏற வேண்டியவளும் கீழே இருக்கிறாள், வண்டி மட்டும் இங்கே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறது. நான் வேப்பிலைக் கட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

அத்தை கூப்பிடுகிறார். தண்ணி சூடேறிடுச்சு வர்ணி அம்மா, இலையை அரைச்சுக் கொண்டா என்கிறார். கோவிந்தன் வந்துட்டான், தோரணத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிறான், தனியாத்தான் வந்திருக்கான், கேட்டா வாயே திறக்கமாட்டேங்கிறான், நீ மொதல்ல வந்து தண்ணிய ஊத்து, அப்புறம் பேசிக்கலாம் என்கிறார். குரலில் அவசரம் இல்லை, ரொம்பப் பக்குவமாக இருக்கிறது. அம்மை வீட்டில் நல்ல சேதியை எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம், வளைவிலிருந்தே கத்திக்கொண்டு வரலாம், ஆகாத சேதியைத்தான் மூன்றாம் தண்ணீர் முடிகிற வரைக்கும் வாயிலேயே வைத்துக்கொண்டு நிற்க வேண்டும், அழுகைச் சத்தம் அம்மாவுக்கு ஆகாது. மாமா மூச்சு வாங்கத்தான் நின்றிருப்பார். பதினாலு கிலோமீட்டர் ஏற்றம் ஏறினவருக்கு வாய் எப்படித் திறக்கும். இதோ வர்றேன் அத்தை, இன்னும் ரெண்டு கொத்துதான், ஒவ்வொரு இலையாகத்தானே உருவ முடியும், இதை முடித்தால்தான் அரைக்க முடியும், அரைத்தால்தான் ஊற்ற முடியும், நான் ஊற்றாத வரைக்கும் மாமா சொல்ல முடியாது, மாமா சொல்லாத வரைக்கும் வர்ணி